வேம்புக்கு என்ன நடந்தது

சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றபடி ஜொனதன் தன் தகப்பனின் பெயரை ஆங்கில எழுத்துகளில் மூன்றாவது தடவையாகச் சொன்னான். எஸ், ஈ, எல், வி. கைத்தொலைபேசியின் மறுமுனையில் ஒல்லாந்திலிருந்து பேசிய பெண் ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராதாம். செல்வரத்தினம் என்பது குடும்பப் பெயர் அல்ல, செத்துப்போன தகப்பனின் பெயர் என்று விளங்கப்படுத்த அவனுக்குச் சக்தி இருக்கவில்லை.

"பின்னால் என்ன சத்தம்?" என்று அவள் கேட்டாள்.

"பாடுகிறார்கள். இது இறுதிச் சடங்கு."

"மன்னிக்கவும். நான் அனெக்கே. ஜெயனியோடு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பேசுகிறவள்."

"பேசினவள்," என்றான்.

ஜெயனி முதல்நாள் விடிய நாலு மணிக்கு இறந்தாள். டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. விட்ட கையோடு எல்லாம் இறங்கியது. வைத்தியர் இரத்தத்தட்டுகளுக்கு ஓர் எண்ணைச் சொன்னார், மூன்று மணித்தியாலம் கழித்து அதைவிடச் சிறிய எண்ணைச் சொன்னார். கணிதம் படிப்பிக்கிற ஜொனதனுக்கு அந்த இரண்டு எண்களே போதுமாக இருந்தன. அவளுக்கு முப்பத்தொரு வயது. இவனுக்கு முப்பத்து நாலு. வட்டுக்கோட்டையில் அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டின் முன்னறையில் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குச் சேமக்காலைக்கு எடுப்பதாக மதில்களில் அறிவித்தல் ஒட்டியாகிவிட்டது.

அவன் தொலைபேசி எடுத்த காரணம் இதுதான். காலையில் ஜெயனியின் தம்பி றூபன் தன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினான். வனத்தோழமை என்ற வலையமைப்பின் பக்கத்தில் ஜெயனியின் படம், கறுப்பு வெள்ளையில். வன்னியில் சட்டவிரோதமாகக் காடு வெட்டுகிறவர்களைக் காட்டிக்கொடுத்த எங்கள் தோழி சந்தேகத்துக்கிடமான முறையில் மரணம். சுயாதீன விசாரணை வேண்டும். அதற்குள் நாலாயிரம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

"அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்," என்றான் ஜொனதன். "நுளம்பு கடித்துச் செத்தாள். மரணச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது."

"சான்றிதழ்களை எழுதுவிக்கலாம்," என்றாள் அனெக்கே. குரலில் கோபமில்லை. களைப்பு இருந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. "எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. எங்கள் தோழர் ஒருவர் இறந்தால், வேறுவிதமாக நிரூபணமாகும்வரை அது சந்தேக மரணம். குடும்பத்தின் சொல் மட்டும் போதாது. முதலில் வெருட்டப்படுவது குடும்பம்தான். இந்த விதியை எழுதியது யார் தெரியுமா? ஜெயனி."

அவனுக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக அவள் அதே முன்னறையில் இருந்து வேலை செய்தாள். வன்னிப் பெண்கள் காட்டோரம் நடந்து எண்ணிக்கொண்டுவரும் அடிக்கட்டைகளையும், மரம் ஏற்றிப்போகும் லொறிகளின் இலக்கங்களையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவாள். அங்கிருந்து அமைச்சர்களுக்கும் தூதரகங்களுக்கும் கடிதங்கள் போகும். பதிலுக்கு இவளும், இவன் வரைபடத்தில் தேடவேண்டிய ஏதோவொரு நாட்டில் சிறையில் கிடக்கும் யாருக்காகவோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்துவந்து கடிதம் எழுதுவாள். இவன் அந்த நேரம் சோறு போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"சரி. நான் என்ன செய்யவேண்டும்?"

"உங்களுக்கென்று அவர் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறார். அதை மட்டும் கேட்கிறேன்." கடதாசி புரளும் சத்தம். "உங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற வேம்புக்கு என்ன நடந்தது?"

செத்தவீட்டில் கேட்கிற கேள்வியா இது? பெண்கள் அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்டினார்கள். அவன் யோசிக்கவில்லை.

"காற்றில் விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், புயலில்."

அனெக்கே அதை எழுதிக்கொண்டாள்.

"நன்றி," என்றாள். குரல் மாறியிருந்தது. "நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?"

"இங்கே நூற்றைம்பது பேர் இருக்கிறார்கள்."

"விளங்குகிறது. தைரியமாக இருங்கள். நாங்கள் உங்களோடு நிற்கிறோம்."

வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்று கேட்டார் சுகிர்தம் மாமி. ஜெயனியின் தாய். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பெட்டியின் கால்மாட்டில் நேற்றிலிருந்து அதே கதிரையில் இருந்தார்.

"எடுத்துவிடுவினம் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களோ, தம்பி? சொன்னவையோ?"

"நாங்கள் உங்களோடை நிக்கிறம் எண்டவை."

"அது பதிலோ?" என்றார் மாமி.

*

பதினொன்றரைக்கு ரொறொன்ரோவிலிருந்து அவனுடைய மாமாவின் மகன் தொலைபேசி எடுத்தான். "மச்சான், வீட்டுக்கு வெளியிலை துவக்கோடை ஆரும் நிக்கினமே?"

"வெளியிலை சோடாப் பெட்டி இறக்கினம்."

"கதைக்கேலாதெண்டால் ஓமெண்டு மட்டும் சொல்லு."

"இல்லை."

"இல்லையெண்டால் ஓமோ?"

ஜொனதன் தொலைபேசியை அணைத்தான். அணைத்த கையோடு மாமியின் தொலைபேசி அடித்தது. போர்த்துக்கீச மொழியில் ஒருவர் மூன்று நிமிடம் பேசி அழுதார். மாமி இடையிடையே "தாங்யூ, தாங்யூ" என்றார்.

றூபன் பந்தலுக்குள்ளால் ஓடிவந்தான். "அத்தான், இஞ்சை பாருங்கோ. மாத்திப் போட்டிருக்கினம்."

மாற்றித்தான் போட்டிருந்தார்கள். கணவருடன் பேசினோம், அவர் மிரட்டலின் கீழ் பேசுகிறார் என்பதை உறுதிப்படுத்தியுள்ளோம், சடலம் அவசரமாகப் புதைக்கப்படுவதைத் தடுக்க வேண்டும். பதினோராயிரம் பேர். ஏதோவொரு நகரத்தில், ஏதோவொரு தூதரகத்தின் முன்னால், கம்பளித் தொப்பி போட்ட ஆறு பேர் ஜெயனியின் படத்தைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நின்றார்கள்.

"ஆர் உங்களை வெருட்டினது?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னெண்டு உறுதிப்படுத்தினவை? நீங்கள் ஏதோ சொல்லாமலே உறுதிப்படுத்தினவை?"

"வேம்பைப் பற்றிக் கேட்டவள். சொன்னனான்."

"என்ன வேம்பு?"

"கிணத்தடி வேம்பு."

றூபன் அவனுடைய முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தான். நித்திரையில்லாதவனைப் பார்க்கிற பார்வை. பக்கத்துக் கதிரையில் இருந்த அயல்வீட்டு முதியவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உண்மையிலை டெங்குதானே தம்பி?" என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜனும் சாரதியும். சார்ஜன் பொன்னம்பலம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியருகே ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஜொனதனை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. கொழும்பிலையிருந்து போன் கோலுக்கு மேலை கோல். இண்டைக்குப் புதைக்கக்கூடாதாம். பிரேதத்தை ஆசுப்பத்திரிப் பிரேத அறைக்குக் கொண்டுபோகவேணும்."

"அங்கையிருந்துதானே நேற்றுக் கொண்டுவந்தனாங்கள்."

"ஓம். திருப்பி."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"இண்டைக்கு வெள்ளி. நீதவானிட்டை திங்கள்தான் போகலாம். அவர் ஓடர் போட்டால் போஸ்மோட்டம். செவ்வாய், புதன் எண்டு வையுங்கோ."

பின்னால் வந்து நின்ற சுகிர்தம் மாமி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "என்ரை பிள்ளையை வெட்டவிடமாட்டன்," என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஊசி குத்தின கையே புண்ணாப் போச்சு, என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

சார்ஜன் நிலத்தைப் பார்த்தார். "அம்மா, எனக்கு விளங்குது. எனக்கும் ஒரு வழிதான் தெரியுது. உந்த வெளிநாட்டு ஆக்கள் தாங்களே, நாங்கள் போட்டது பிழை, இது வருத்தத்தாலை வந்த சாவு எண்டு எழுதித் தந்தால், எங்கடை பெரியவர் விடுவார். ரெண்டரைக்கு முதல். அதுக்குப் பிறகு என்ரை கையிலை இல்லை."

ஜொனதன் அணைத்த தொலைபேசியை மறுபடி போட்டு அனெக்கேயை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படலாம். உங்கள் பாதுகாப்புக்காக இந்த இலக்கத்துக்கு இனிப் பதிலளிக்கமாட்டோம். அன்புடன்.

அந்த "அன்புடன்" என்ற சொல்லை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

குணலட்சுமி முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கணவனின் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினாள். நாற்பது வயதிருக்கும். சேலை முழுக்கச் செம்மண் புழுதி. வனத்தோழமைக்கு அடிக்கட்டை எண்ணுகிற பெண்களில் முதலாமவள் அவள்தான். ஜெயனியின் கால்மாட்டில் இரண்டு கையையும் வைத்துக் கும்பிட்டாள். அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. அவளுடைய கணவன் சுபாஸ்கரன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

றூபன் அவளிடம் நடந்ததைச் சொன்னான். அவள் நேரே ஜொனதனிடம் வந்தாள்.

"சேர், கேள்வி கேட்டவையோ?"

"ஓம்."

"ஜெயனி மிஸ் உங்களுக்குச் சொல்லேல்லையோ? அந்தப் படிவத்திலை மூண்டு வரி. முதலாவது கேள்வி. ரெண்டாவது, ஆரும் கழுத்திலை கத்தி வைச்சுக்கொண்டு நிண்டால் சொல்லவேண்டிய பதில். மூண்டாவது, சுயமாக் கதைச்சால் சொல்லுற பதில். ரெண்டாவதைச் சொன்னால் அவை உடனை உலகம் முழுக்க அறிவிப்பினம். அதுதான் ஏற்பாடு."

"என்ன விசர் ஏற்பாடு இது?"

"விசரில்லை சேர். என்னாலைதான் வந்தது." அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "போன வருசத்துக்கு முந்தின வருசம் என்னைப் பிடிச்சு உள்ளை போட்டவை. மரம் ஏத்தின லொறியை மறிச்சதுக்கு. பதினாறு நாள். முதல் நாலு நாளும் வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது. வெளிநாட்டுக்காரர் வீட்டை போன் எடுத்துக் கேட்டவை. இவர், அவள் தங்கச்சி வீட்டை போயிட்டாள், ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு சொல்லிப்போட்டார். லொறிக்காரர் வெருட்டிப்போட்டாங்கள். பிறகு மிஸ் எப்பிடியோ அறிஞ்சு வந்தவ. அதுக்குப் பிறகுதான் கடதாசி வரத் தொடங்கினது. நானூறு, ஐந்நூறு. பொலிஸிலை வைக்க இடமில்லை. முத்திரையளை வெட்டிப் பிள்ளையளுக்குக் கொண்டுபோனவை. பன்ரண்டாவது நாள் பெரியவரே வந்து, அம்மா, உமக்கு எந்தெந்த நாட்டிலை சொந்தக்காரர் எண்டு கேட்டவர்."

அவள் சிரிக்கவில்லை. "அதாலைதான் மிஸ் உந்தச் சட்டத்தை எழுதினவ. வீட்டுக்காரர் சொல்லுறதை நம்பக்கூடாதெண்டு. நீங்கள் என்ன பதில் சேர் சொன்னனீங்கள்?"

ஜொனதன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான்.

கிணற்றடியில் இரண்டு பேர் தேத்தண்ணிக் குவளை கழுவிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்கு அருகில் ஒரு வட்டத்தில் மட்டும் மண்ணின் நிறம் வேறாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழியில் ஜெயனி பத்து நாள் நைரோபியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். வேம்பின் வேர் கிணற்றுக் கட்டைப் பிளந்துகொண்டு வந்தது. பலமுறை சொல்லியிருந்தான். "கிணத்தைத் திருப்பிக் கட்டலாம், மரத்தைக் கட்டேலாது," என்பாள். அந்தக் கிழமை தாழமுக்கம். இரண்டு நாள் நல்ல காற்று. காற்று ஓய்ந்த மறுநாள் ஆள் பிடித்து வெட்டுவித்தான். அடிக்கட்டையை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து கிளப்பி, அன்றைக்கே எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினான். அவள் பயணப்பையோடு வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றாள்.

"காத்தோ?" என்றாள்.

"ஓம்."

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் காற்று என்றே சொன்னான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அந்த இரவில் மரம் விழுந்த சத்தம் கேட்டதுபோல் இருந்தது.

அடிக்கட்டை பார்ப்பதுதான் அவளுடைய தொழில். குணலட்சுமி அனுப்பும் படங்களைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இது கைவாள், இது மெசின் வாள், இது வெட்டி ஒரு கிழமை ஆகவில்லை என்று சொல்லுவாள். காற்றில் சாய்ந்த மரம் எந்தப் பக்கம் மண்ணைக் கிளப்பும் என்று அவளுக்குத் தெரியும். பெக்கோவின் பல் எப்படிப் பதியும் என்றும் தெரியும். அவளிடம் போய் ஒரு பொய்யைச் சொல்லி, நம்பினாள் என்று இரண்டு வருடம் இருந்திருக்கிறான். கணித வாத்தியார்.

அவளோ அதைக் கொண்டுபோய்ப் படிவத்தில் இரண்டாவது வரியில் எழுதிவைத்திருக்கிறாள்.

வேறு கேள்வியா கிடைக்கவில்லை? திருமண நாள் இல்லையா? அவனுடைய பல்கலைக்கழக இலக்கம் இல்லையா? அவனுக்குக் கோபம் வந்தது. நேற்று விடியற்காலையிலிருந்து அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

*

குணலட்சுமியின் இலக்கம் வனத்தோழமையின் பட்டியலில் இருந்தது. அவளுடைய தொலைபேசியிலிருந்து அழைத்ததும் அனெக்கே முதல் மணியிலேயே எடுத்தாள். அப்போது ஒன்றே முக்கால்.

"ஒரு நிமிசம்," என்றார் சார்ஜன். "எல்லாருக்கும் கேக்கிறமாதிரிப் போடுங்கோ. நாளைக்கு என்னைக் கேட்டால் நான் கேட்டனான் எண்டு சொல்லவேணும். ஆனால் எனக்கு உந்த வேகத்திலை இங்கிலீசு பிடிபடாது."

"நான் சொல்லுறன்," என்றார் சுகிர்தம் மாமி.

எனவே விறாந்தையில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையின்மேல் தொலைபேசி வைக்கப்பட்டது. சுற்றிவர மாமி, சார்ஜன், றூபன், குணலட்சுமி. உள்ளே பாட்டு நின்றிருந்தது. பந்தலில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நான் ஜொனதன். அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்."

"ஒருமுறை பதில் சொல்லிவிட்டீர்கள். விதிப்படி..."

"விதி எனக்குத் தெரியும். என் மனைவி எழுதியது. திருப்பிக் கேளுங்கள்."

மறுமுனையில் யாருடனோ பேசுவது கேட்டது. பிறகு, "உங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற வேம்புக்கு என்ன நடந்தது?"

"நான் வெட்டுவித்தேன்."

"என்னவாம்?" என்றார் சார்ஜன்.

மாமி கிணற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்த வேம்பு ஜெயனி பிறந்த வருடம் அவருடைய மறைந்த கணவர் இராசசிங்கம் வைத்தது. ஜொனதனுக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கிணத்தடி வேம்பைத் தான்தான் வெட்டுவிச்சவராம்," என்றார் மாமி, வகுப்பில் வாசிப்பதுபோல.

"ஏன் காலையில் புயல் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டாள் அனெக்கே.

"அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன். அவள் இல்லாத நேரம் வெட்டுவித்து, அடிக்கட்டையைக் கிளப்பி, காற்று என்று சொன்னேன். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு மத்தியானம்வரை தெரியாது. போதுமா?"

மாமி அதையும் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் விடவில்லை. றூபன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"பனையெண்டால் வெட்டினதுக்கு அனுமதிப் பத்திரம் எங்கையெண்டு நான் கேக்கவேண்டி வந்திருக்கும்," என்றார் சார்ஜன் மெதுவாக, யாரையோ ஆறுதற்படுத்துகிறவர் போல.

"சரியான பதில் அதுதான்," என்றாள் அனெக்கே. "நான் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. காலையில் நான் புரட்டிப் பார்க்கவில்லை. 'முதலில் பிழையாகச் சொல்லுவார். இன்னொரு தரம் கேட்கவும்' என்று எழுதியிருக்கிறார். நான் கேட்கவில்லை. மன்னியுங்கள்."

றூபன் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டினான்.

"உண்மையாகவே நுளம்பா?" என்று அந்தக் குரல் கேட்டது. இப்போது அது அலுவலகக் குரலாக இல்லை. "ஐந்து வருடம் ஒவ்வொரு செவ்வாயும் பேசினேன். எத்தனையோ பேருடைய பெயர் எங்கள் பட்டியலில் இருந்தது, இன்னாரால் ஆபத்து, இன்னாரால் ஆபத்து என்று. நுளம்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை."

"நுளம்புதான்," என்றான் ஜொனதன். "எழுதுங்கள்."

"இப்ப என்ன சொன்னது?" என்று கேட்டார் சார்ஜன்.

மாமி அவரைப் பார்த்தார். "பிழையெண்டு எழுதி அனுப்புவாவாம். இப்பவே." அவ்வளவைத்தான் சொன்னார்.

இரண்டு இருபதுக்கு மின்னஞ்சல் வந்தது. சார்ஜன் அதைப் பெரியவருக்கு அனுப்பி, வேலியோரம் நின்று "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று பேசினார். திரும்பிவந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, "எடுங்கோ," என்றார்.

பெட்டியை மூடுமுன் மாமி ஜொனதனின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவனுக்குத் தெரியும் என்று நினைத்தான். பதிலையும் ஆயத்தமாக வைத்திருந்தான்: கிணறு, கட்டு, வேர். மாமி பெட்டிக்குள் பார்த்தபடி சொன்னார்.

"அந்த வேம்பைப் பற்றி நான் இவளிட்டை ரெண்டு மூண்டு தரம் கேட்டனான், தம்பி. காத்து, அம்மா, நான் பாத்தனான், காத்துத்தான் எண்டு சொன்னவள்."

*

மூன்று இருபதுக்கு எடுத்தார்கள். கோயில் மணி அடித்தது. சேமக்காலையில் போதகர் சுருக்கமாக ஜெபித்தார். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததால் அவசரப்பட்டார். மழை வரவில்லை. குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது, மார்கழியில் வட்டுக்கோட்டையில் எங்கே தோண்டினாலும் ஊறும். யாரோ அதன்மேல் காய்ந்த மணல் கொட்டியிருந்தார்கள். ஜொனதன் மூன்று பிடி மண் போட்டான். கையைத் தட்டிக்கொண்டு ஒதுங்கினான். வழியில் மூன்று பேர் அவனிடம் வேம்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் தண்ணீர் வாளி வைத்திருந்தார்கள். கால் கழுவினான். பந்தல்காரர் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சேமக்காலைக்குப் போகமுன் அணைத்த தொலைபேசியை மறுபடி உயிர்ப்பித்தான். திருத்திய அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் தோழி ஜெயனி டெங்குக் காய்ச்சலால் காலமானார். எங்கள் முன்னைய செய்திகளுக்காகக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அதை எழுபது பேர் பகிர்ந்திருந்தார்கள்.

குணலட்சுமி தன் தொலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"சேர், போகமுதல் ஒரு உதவி. என்ரை போமிலை தொடர்புக்கு மிஸ்ஸின்ரை பேர் கிடக்கு. மாத்தவேணுமாம். இப்ப அந்த ஒல்லாந்துப் பிள்ளை அனுப்பியிருக்கு. எல்லாம் இங்கிலீசு."

"இண்டைக்கோ?"

"திங்கள் நாங்கள் திரும்பவும் காட்டுக்குப் போறம். பேரில்லாமல் போகக்கூடாதெண்டது மிஸ்தான்."

அவன் அடுக்காமல் விட்டிருந்த ஒரு கதிரையில் இருந்தான். படிவம் சின்ன எழுத்தில் இருந்தது. "உங்கடை மனிசன்ரை பேரைப் போடட்டோ?"

"வேண்டாம். உங்கடையைப் போடுங்கோ."

"நான் உதுகளுக்குள்ளை இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

"தெரியும் சேர்."

"பிறகேன்?"

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொன்னனீங்கள்தானே."

அவன் எரிச்சலோடு தன் பெயரைத் தட்டினான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் செல்வரத்தினம் என்று போட்டான். "இனிக் கேள்வி. எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்சது எண்டு கேக்குது. அப்பிடி ஒண்டும் இல்லை. உங்களை நான் இதுக்கு முன்னம் ரெண்டு தரந்தான் கண்டிருப்பன்."

அவள் யோசித்தாள். படலையடியில் சுபாஸ்கரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் கதிரைக்குப் பக்கத்தில், ஏதோ எழுத்தைக் காட்டுகிறவள்போலக் குனிந்தாள்.

"அப்ப ஒண்டு சொல்லுறன். அந்த நாலு நாளும் இவரை ஒருத்தரும் வெருட்டேல்லை. லொறிக்காரரோடை இருந்து குடிச்சவர். தானாத்தான் சொன்னவர், தங்கச்சி வீட்டை போயிட்டாளெண்டு."

ஜொனதன் நிமிரவில்லை. "அவருக்குத் தெரியுமோ, உங்களுக்குத் தெரியுமெண்டு?"

"இல்லை."

"மிஸ்ஸுக்கு?"

"மிஸ்தான் விசாரிச்சு வந்து சொன்னவ. இனி உங்களுக்கும் எனக்கும்தான்."

அவன் விரல் திரைக்கு மேலே நின்றது. பிறகு, "எப்பிடிக் கேக்கச் சொல்லி எழுத?" என்றான்.

"அந்த நாலு நாளும் என்ரை மனிசனை வெருட்டினது ஆர் எண்டு."

"பிழையான பதில்?"

"லொறிக்காரர்."

"சரியான பதில்?"

"ஒருத்தரும் இல்லை."

ஆங்கிலத்தில் அது மூன்று சிறிய வரிகள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தான்.

"முடிஞ்சுதோ?" என்று படலையடியிலிருந்து சுபாஸ்கரன் கேட்டான். "இருட்டுறதுக்கு முன்னம் ஆனையிறவு தாண்டோணும்."

"ஓம், வாறன்," என்றாள் குணலட்சுமி.

அவன் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுத் தொலைபேசியை அவளிடம் கொடுத்தான். அவள் அதை மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். சுபாஸ்கரன் இருக்கையைக் கையால் துடைத்தான். அவளுடைய தலைக்கவசத்தை எடுத்து, முதலில் அதன் உட்பக்கத்தைத் தன் சட்டை விளிம்பால் துடைத்து, அவளுக்குப் போட்டுவிட்டான். பட்டி ஒருமுறையில் பூட்டவில்லை. "கொஞ்சம் நிமிர்," என்றான்.

அவள் நாடியை உயர்த்திக் கொடுத்தாள்.